செத்தே பிறந்த எஸ்எஸ்டியைத் திருப்பி அனுப்பும் விஷயமாக

மதிப்புக்கும் மிரட்டலுக்கும் ஒருங்கே உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நான்காவதாக வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் மட்டும் வயிறு திறந்தபடி மேஜையில் கிடக்கிறது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருங்கள். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், அப்பாவின் காதில் விழாமல் போன் பேச இந்த வீட்டில் இடம் கிடையாது.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள நீங்கள் அன்பளிப்பாக அனுப்பிய எஸ்எஸ்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது செத்துவிட்டது. செத்தே பிறந்தது என்பது என் குற்றச்சாட்டு.

அப்பா ஏணியிலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. தன் வலது கை நடுங்குகிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். டாக்டர் இல்லை என்கிறார், அம்மா இல்லை என்கிறாள், அப்பா மட்டும் யாராவது வீட்டுக்கு வந்தால் டம்ளரை இடது கையில் எடுக்கிறார். இருபத்தெட்டு வருஷம் வயரிங் செய்த கை. இனி ஏணி ஏறக்கூடாது என்றதும், அவரை நன்றாகத் தெரிந்த இன்ஜினியர் ஒருவர், வயரிங் பிளானைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே வேலை என்று சொன்னார். அப்பாவும் இரண்டு மாதம் என் வயதுப் பையன்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். வருகிற திங்கட்கிழமை ஒரு மூன்று மாடி வீட்டுக்குப் பிளான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வேலை நிரந்தரம். அதற்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டர், அதை மாட்டித்தர நான், அதற்கு ஞாபகசக்தி தர நீங்கள். என் பங்கில் குறையில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, அப்பாவையே பட்டனை அமுக்கச் சொன்னேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையும் வந்தது. அதில் எஸ்எஸ்டி இருக்கவேண்டிய இடத்துக்கு நேராகக் காலி என்று எழுதியிருந்தது. தொட்டால் இருக்கிறது, திரையில் தட்டுப்படவில்லை. நீங்கள் ஊருக்கு வந்திருப்பதாக எல்லாரும் சொல்வார்கள், எங்கள் வீட்டில் மட்டும் தட்டுப்படமாட்டீர்களே, அந்த மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து நேராக என்னிடம் வந்தாள்.

"எங்கடா ஒளிச்சு வெச்சே?"

"சத்தியமா உள்ளதாம்மா இருக்கு."

"போன மாசம் ரிமோட்டுல பேட்டரியும் சத்தியமா உள்ளதான் இருந்துச்சு."

குறும்புக்காரன் சொல்லும் உண்மைக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. சரி என்று கழற்றி மறுபடி மாட்டினேன், உள்ளே போகக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்று அமுக்கினேன், வரவில்லை, பக்கத்து ஸ்லாட்டில் மாட்டினேன், வரவில்லை, மதர்போர்டுக்காரன் கொடுத்த புத்தகத்தை எறும்புக்காக அச்சடித்திருக்கிறான், அதையும் எழுத்துக்கூட்டிப் படித்து, சின்ன பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் வைத்து மாட்டினேன், பயாஸைப் புதுப்பித்தேன், ராமைக் கழற்றித் துடைத்தேன், கடைசியில் காலி என்கிற எழுத்தைத்தான் துடைக்கவில்லை. ஏழாவது தடவை கழற்றும்போது அப்பா ஸ்க்ரூவை எடுத்துக்கொடுக்கக் கை நீட்டினார். எனக்கு இருந்த எரிச்சலில், "அப்பா, கொஞ்ச நேரம் எதையும் தொடாம இருக்கீங்களா" என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் எஸ்எஸ்டியைக் கம்ப்யூட்டர் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே அதைத் தன் மெஷினில் சொருகினார். அங்கேயும் காலி.

"தம்பி, இது போயிடுச்சு."

"புதுசுண்ணே."

"புதுசாவே போயிடுச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் வருகிறார், மியூசியத்துக்கு வந்தவர் மாதிரி. நேற்று அம்மாவிடம், "இன்ஜினியர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். மெஷினுக்கே என் கை ஆகலை" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மாமா, யாரையாவது பயமுறுத்துவதற்காக இல்லாமல் நான் கதவுக்குப் பின்னால் நின்றது அதுதான் முதல் தடவை.

ஆகவே, நீங்கள் செய்த இந்தப் பிழைக்கு ஈடாக, உயிருள்ள எஸ்எஸ்டி ஒன்றை சனிக்கிழமைக்குள் அனுப்பி வைக்கவும். தவறினால், அத்தைக்குத் தெரியாத உங்கள் இரண்டு ரகசியங்களும் அத்தைக்குத் தெரிந்த ரகசியங்கள் ஆகிவிடும். அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு அது எஸ்எஸ்டி வந்தபின்.

இப்படிக்கு,
பொறுமையின் கடைசி ஸ்க்ரூவில் நிற்கும் உங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காதீர்கள். எஸ்எஸ்டி இதில் இல்லை. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, திரையிலும் இருக்கிறது. மேலே உள்ள குற்றச்சாட்டு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நீங்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்சல் கட்ட ஜன்னலோரம் எடுத்துப்போனபோது, ஸ்லாட்டுக்குள் போகும் அதன் தங்கப் பல் வரிசையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஏதோ பிரிந்து நின்றது. உரித்தால் டேப். மோட்டார் காயில் கட்டும்போது அப்பா சுற்றுவாரே, சூடு தாங்கும் தேன் நிற டேப். பார்சல் வந்த அன்று யார் பிரித்தது என்று அம்மாவிடம் சும்மா கேட்பது மாதிரி கேட்டேன். "அப்பாதான். கரன்ட் போற இடம் இப்படியா தெறந்து கெடக்கும், பையன் கைய வெச்சுட்டான்னா என்னாகறதுன்னு, பிளேடும் கையுமா ஏதோ பண்ணிட்டிருந்தாரு" என்றாள். அம்மாவுக்கு அதற்குமேல் தெரியாது.

இரண்டு விரல் அகலம்கூட இல்லாத இடம், மாமா. நடுவில் ஒரு வெட்டு வேறு. அந்த வெட்டின் வளைவோடு டேப்பையும் வெட்டி, இரண்டு பக்கமும் மடித்து, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டியிருக்கிறார். ஏழு தடவை கழற்றி மாட்டிய எனக்குத் தெரியவில்லை, கடை அண்ணனுக்கும் தெரியவில்லை. நடுங்குகிற கையால் இதைச் செய்ய முடியாது. அதை அவரிடம் காட்டிச் சொல்லத்தான் ஓடினேன். அறை வாசலில் நின்றுவிட்டேன். கை நன்றாக இருக்கிறது என்று காட்டினால், மெஷினை முடக்கியது அந்தக் கைதான் என்றும் காட்டியதாகிவிடும்.

அதனால் டேப் இல்லாமல் மாட்டி, திரையில் வந்ததும், நீங்கள் அங்கிருந்து ஒரு பட்டனை அமுக்க மறந்துவிட்டீர்கள், இப்போதுதான் அமுக்கினீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அவன் எப்பவுமே இப்படித்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தரைத்தளம் முடிந்தது, இப்போது மாடிப்படி விளக்கில் இருக்கிறார். மவுஸ் வலது கையில்.

அம்மா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், திட்டுவாள். "அமுக்க மறந்துட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பட்டன் என்று கேட்டால், பச்சை.

அந்த டேப்பை இந்தக் காகிதத்தின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். குப்பை என்று ஊதிவிடாதீர்கள். அப்பாவின் வேலை நிலைத்ததும் வந்து வாங்கிக்கொள்வேன், அவரிடம் காட்ட வேண்டும்.