ஜமீன் கடிக்க வேண்டிய ஆள்

லாவண்யாவின் பழைய துப்பட்டாவை மூக்கருகே காட்டி, "இந்த வாசன வந்தா கடிக்கணும்" என்று அமிர்தலிங்கம் சொல்லிக்கொடுத்த முதல் நாளே, நாய்க்குட்டி அந்தத் துப்பட்டாவின் மேல் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனது.

"எந்திரி. இது தூங்கற நேரமா?"

குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. துப்பட்டாவை உருவப் பார்த்தார். அது அதற்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொண்டது. சரி, பிறந்து நாற்பத்தைந்து நாள்தானே ஆகிறது, பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

குட்டியைக் கொடுத்தவர் செட்டிகுளம் செல்லதுரை. வெங்காய வியாபாரத்தில் பழக்கம். "தாய் சுத்தமான ராஜபாளையம்ணே. தகப்பன் யாருங்கறதுலதான் ஊருக்குள்ள ரெண்டு அபிப்பிராயம் இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். வாசலில் உட்கார்ந்தே ஊரை மிரட்ட வேண்டும் என்று அமிர்தலிங்கம் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தார். பெயர் நன்றாகவே பொருந்தியது. ஜமீன் எந்த வேலையும் செய்யவில்லை.

அமிர்தலிங்கத்துக்கு நாய் எதற்கு என்று குன்னம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போன தை மாதம் அவருடைய ஒரே மகள் லாவண்யா, அரியலூர் ரிஜிஸ்தர் ஆபீசில் அரவிந்தன் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். பையனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. குணத்தில் குறையில்லை என்றுதான் விசாரித்தவர்கள் சொன்னார்கள். நம்ம ஆளுங்க இல்லை, அவ்வளவுதான்.

லாவண்யா ஒன்பது வயதில் தாயை இழந்தவள். அன்றிலிருந்து அமிர்தலிங்கம்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். சடை எப்போதும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். அவள் அதை அவிழ்த்துப் பின்னாமல் அப்படியே பள்ளிக்கூடம் போவாள். அப்படிப்பட்ட மகள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அதை வெளியில் சொல்லத் தெரியாமல், சொந்தக்காரர்கள் சொன்னபடி மகளைத் தலை முழுகினார்.

அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. நாலு பேர் பார்க்க, கொல்லையில் மோட்டார் தண்ணீரில் நனைந்து, சீயக்காயைத் தலையில் தேய்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் கண்களை மூடிக்கொண்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சீயக்காய் எரிச்சல் என்றார். சுற்றி நின்றவர்கள் நம்பியது மாதிரி காட்டிக்கொண்டார்கள்.

எதிர் வீட்டுப் பொன்னுத்தாய் மட்டும்தான் வாயைத் திறந்தாள். ஆடு மேய்ப்பவள், இவரைவிட ஆறேழு வயது மூத்தவள். "புள்ள ஆசப்பட்டவனக் கட்டிக்கிச்சு. அதுக்கு நீ ஏன் தம்பி ஈரத்தோட ஒக்காந்திருக்க? போய்த் தொவட்டு, சளி புடிக்கப் போவுது" என்றாள். அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார் அமிர்தலிங்கம். சளி பிடித்தது வேறு விஷயம்.

சில மாதம் கழித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. வந்து வாசலில் நின்றால் போ என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்று அமிர்தலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். நாய் விரட்டிவிட்டால் அது நாய் செய்த காரியம். அவர் பாட்டுக்கு உள்ளே இருந்துகொள்ளலாம். அதற்காகத்தான் ஜமீன்.

துப்பட்டா பலிக்கவில்லை என்றதும் செல்லதுரைக்குப் போன் போட்டார்.

"குட்டியக் கொஞ்சாதீங்கண்ணே. தனியாக் கட்டிப் போடுங்க. அப்பதான் ரோஷம் வரும்."

கட்டிப் போட்டார். ரோஷம் வரவில்லை, அழுகை வந்தது. ஊரே கேட்கிற மாதிரி அழுதது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அமிர்தலிங்கம் தன் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து ஜமீன் அவர் வயிற்றில் தலை வைக்காமல் தூங்குவதில்லை.

"கட்டிப் போட்டது சரிப்படல செல்லதுரை."

"அப்ப மொளகாத்தூள்தான். தயிர்ச்சோத்துல ஒரு கரண்டி கலந்து போடுங்க. சும்மா சீறும்."

சீறியது வேறு பக்கத்தில். விடிவதற்குள் குட்டி துவண்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. அமிர்தலிங்கம் அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டை போட மறந்து, முதல் பஸ்ஸில் பெரம்பலூர் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காரம் யார் கொடுத்தது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

அமிர்தலிங்கம் குட்டியை மறுபடி துண்டில் சுற்றினார். பெற்ற மகளைக் கடிப்பதற்கு என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? நான்கு நாள் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் ஊட்டினார். ஐந்தாம் நாள் அது எழுந்து நின்று அவர் முகத்தை நக்கியபோது, அவருக்கு மறுபடியும் சீயக்காய் எரிந்தது.

அடுத்து, துப்பட்டாவை விட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் போனார். ஒரு பழைய பேண்ட்டிலும் சட்டையிலும் மக்காச்சோளத் தட்டையைத் திணித்து, சட்டியில் முகம் எழுதி, மீசை வைத்து, கேட்டருகே நட்டுவைத்தார்.

"இவன்தான் அரவிந்தன். நல்லாப் பாத்துக்க. பாத்ததும் பாயணும்."

ஜமீனுக்கு அரவிந்தனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலைச் சுற்றி விளையாடியது. தன் எலும்பைக் கொண்டுவந்து அரவிந்தன் காலடியில் வைத்தது. மழை வந்தால் வீட்டுக்குள் வராமல் அரவிந்தனோடு நனைந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேட்டருகே நின்று, "மருமவனே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

செல்லதுரை நேரிலேயே வந்தார். "நீங்க சொல்லிக்குடுக்கற விதம் சரியில்லண்ணே. புடிக்கறதுன்னா எப்புடின்னு நாம செஞ்சு காட்டணும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொம்மையின் காலரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். பொம்மையின் தலை கழன்று விழுந்தது.

தன் சிநேகிதனுக்கு இப்படி ஆனதை ஜமீனால் பொறுக்க முடியவில்லை. செல்லதுரையின் ஆடுசதையைக் கவ்விவிட்டது.

"கடிக்கல்லாம் நல்லாத்தாண்ணே தெரியுது" என்றார் செல்லதுரை, கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு. "ஆளுதான் மாறிப்போச்சு."

அவருக்கு ஊசி போட அமிர்தலிங்கம்தான் கூடப் போனார். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. அந்தப் பயணங்களோடு பயிற்சியும் முடிந்தது. செல்லதுரையைத் தவிர ஜமீன் யாரையும் கடிக்காது, குரைக்காது, கேட்டில் யார் நின்றாலும் வாலை ஆட்டும் என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

ஜமீனுக்கு ஏழாவது மாதம் நடந்தபோது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தோறும் அவர் வெங்காயம் போடப் பெரம்பலூர் மண்டிக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். அன்று திரும்பியபோது ஜமீன் குளித்திருந்தது. சோப்பு வாசனை கமகமத்தது. கழுத்தில் சிவப்பு பெல்ட். அமிர்தலிங்கம் கீழே இருந்த சொம்பை எடுக்கக் கையை நீட்டினார். ஜமீன் சட்டென்று உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி அவர் கையில் வைத்தது.

அவர் கையை விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டாவது படிக்கும்போது லாவண்யா நாய்க்குட்டி வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நாய்க்குக் கை கொடுக்கக் கற்றுத்தருவேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் வாங்கித் தரவில்லை. இப்போது யார் வந்து கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று அவர் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்டருகே மண்ணில் வண்டி டயரின் தடம் இருந்தது. ஸ்கூட்டி வாங்கிவிட்டாள் போலிருக்கிறது.

கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சந்தோஷம் வந்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கதவைச் சாத்திவைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

அடுத்த வியாழக்கிழமை போடுவதற்கு வெங்காயம் இல்லை. ஆனாலும் பெரம்பலூர் போனார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது கேட்டில் ஒரு மஞ்சள் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே கடலை உருண்டை, முருங்கைக்காய், பொறுக்கி எடுத்த சின்ன வெங்காயம். திரும்பி வந்தபோது பை காலியாக, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமை தவறவில்லை. சோளம் அறுப்புக்கு ஆள் கிடைத்த நாள்கூட வியாழனாகப் போனதால் அறுப்பைத் தள்ளிவைத்தார். கதவைப் பூட்டுவதை நிறுத்தினார். ஜமீன் திடீரென்று குரைக்கப் பழகியபோது பயந்துபோய், "யார் வந்தாலும் கொரைக்கப்படாது. முக்கியமா வியாழக்கெழம" என்று எதிர்ப் பாடம் நடத்தினார். கேட்டருகே நின்ற தலையில்லாத அரவிந்தனைப் பிடுங்கி, அவள் கண்ணில் படாமல் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டார்.

அங்கிருந்தும் ஏதாவது வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை. ஒரு வாரம் அவருடைய உடைந்த கண்ணாடிக்குப் புதுக்கால். ஒரு வாரம், ஒரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த கொல்லைக் குழாய் நின்றுபோயிருந்தது. புது வாஷர் போட்டு, இறுக்கி, சுற்றியும் சிமெண்ட் பூசியிருந்தது.

"பாத்தியா ஜமீனு, எம் பொண்ணு கொழாய் வேல வரைக்கும் கத்துக்கிட்டா" என்றார். பெருமையாக இருந்தது. வருத்தமாகவும் இருந்தது. வீட்டில் ஒரு துரும்பை நகர்த்தாதவள், போன இடத்தில் என்ன கஷ்டமோ.

ஜமீனுக்கு ஒரு வயது முடிந்தது. வருஷ ஊசி போடக் கூட்டிப் போகும்போது பஸ்ஸில் வைத்து முடிவெடுத்தார். இனி ஒளிந்து விளையாடக் கூடாது. அவருக்கும் அறுபது ஆகிறது. வருகிற வியாழன் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். பெரம்பலூரில் இறங்கி, ஊசியை முடித்துக்கொண்டு, கடைப்பெண் சிரிக்கச் சிரிக்க ஒரு மணி நேரம் தேடி, மாம்பழக் கலரில் ஒரு புடவை எடுத்தார்.

என்ன பேசுவது என்பதை ஜமீனை உட்காரவைத்துப் பழகினார்.

"எதுக்கு வந்த?" என்று ஆரம்பித்தார். ஜமீன் காதை மடக்கிக்கொண்டது. சரியில்லை.

"வழி தெரிஞ்சுதா?" அதிலும் குத்தல் இருந்தது.

"சாப்புட்டியா?" ஜமீன் கை கொடுத்தது. இதையே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது. "அவனையும் ஒரு நாள் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். "அவனையும்" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. புதன்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்தும் அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை காலை குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பயம் வந்துவிட்டது. தன் வாய் மேல் தனக்கே நம்பிக்கையில்லை. எழுந்து தெருவைத் தாண்டிப் போய், ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தாயின் முன்னால் நின்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

"அக்கா."

பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தம்பி, வெள்ளையும் சொள்ளையுமா?"

"ஒரு ஒத்தாச பண்ணு. வந்து எங்கூடச் செத்த நேரம் ஒக்காரு. நான் ஏதாவது ஏறுக்குமாறாப் பேசிட்டன்னா நடுவுல பூந்து வேற பேச்ச எடுத்துரு."

"யாருகிட்டப் பேசப் போற?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா. வாராவாரம் அவ வர்றதையும் போறதையும் நீ இங்க இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்க? எம் பொண்ணு. எத்தன மணிக்கு வருவா?" கையில் இருந்த பையைத் திறந்து காட்டினார். "இந்தக் கலரு அவளுக்கு எடுக்குமா?"

பொன்னுத்தாய் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள். தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்புகிற சத்தம் கேட்டது. ஜமீன் வாலைச் சுழற்றிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது.

"ஒம் பொண்ணு ஒரு நாளுங்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல தம்பி, வர்றது ஒம் மருமவன், அதுவும் அவளுக்குத் தெரியாம, தெரிஞ்சா அவ அந்தப் புள்ளைய வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டாளாம்."