கெண்டைக்காலுக்கு ஒரு மெமோ

புக்கிட் மேரா,
ஞாயிற்றுக்கிழமை காலை

மீன்முட்டைக்குள் ரத்தக் குழாய் தேடும் மாமேதை, என் அருமை மருமகள் சிவதர்ஷினிக்கு, தாய்மாமன் ஜெயரத்தினம் சகல மரியாதைகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மாமியும் நலம்; என் இடது கால் நலமோ நலம். இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கால் ரத்தக் குழாயில் அடைப்பு என்றதும் டாக்டர் ரமீஸ், "மூணு மாசம் நடந்து பாருங்க அங்கிள், சரிவரலேன்னா ஆகஸ்ட் பன்னிரண்டு ஆப்பரேஷன்" என்றார். அன்றைக்குத்தானே கிளமெண்டியில் உன் முனைவர் பட்ட உரை! நான் அழவில்லை, சமையலறைக் குழாய் ஒழுகியது, அவ்வளவுதான். அப்போது நீ போனில் சொன்னாய்: "செல்லுக்குள்ள சின்னதா ஒரு ஆர்.என்.ஏ. இருக்கு மாமா. புரதம் எதுவும் செய்யாது. ஆனா புது ரத்தக் குழாய் எப்ப முளைக்கணும், எப்ப கூடாதுன்னு மத்ததையெல்லாம் அடக்கி வைக்கும்."

மெய்சிலிர்த்தது. தானாக ஒன்றும் செய்யாமல், தன் கையெழுத்தில்லாமல் எதையும் நகரவும் விடாமல்... முப்பத்தொரு வருடம் தலைமைக் குமாஸ்தாவாக நான் செய்தது வேறென்ன? உடனே அந்த ஆர்.என்.ஏ.வுக்கு முறைப்படி மெமோ அடித்தேன்: 'பொருள்: இடது கெண்டைக்காலில் புதிய குழாய்களுக்கு அனுமதி. உடனே அமல்படுத்தவும். நகல்: முழங்கால்.' மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். முதல் நாள் கீழே காப்பிக் கடை போவதற்குள் கால் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் சிராங்கூன் சாலை வரை. அதற்கடுத்த மாதம் பூன் லே போகும் பஸ்ஸையே முந்தினேன், டிரைவர் கும்பிட்டார்.

"மெமோவுக்குப் பதில் வந்துச்சா?" என்று தினமும் உன் மாமியின் கேலி.

"மேலிடத்துக்குப் போயிருக்கு. பொறு லா!"

நேற்று மறுபடி ஸ்கேன். திரையில் எம்.ஆர்.டி. ரயில் வரைபடம் போலக் குழாய்கள்! முழங்காலில் இன்டர்சேஞ்ச்! ஏழு மாடி டாக்டர்களும் ஓடிவந்து மெமோவுக்கு நகல் கேட்டார்கள்.

உனக்கும் உன் மீன்குஞ்சுகளுக்கும் ஆயுள் முழுக்க ரத்த ஓட்டம் சீராயிருக்க வாழ்த்தும்,
ஜெயரத்தினம்
(தலைமைக் குமாஸ்தா, ஓய்வு)

பி.கு.: மாமி பின்னால் நின்று படித்துவிட்டாள். பஸ்ஸை முந்தவில்லை. ஒரு டாக்டரும் ஓடிவரவில்லை. மெமோவை முதல் வாரமே காலுறையோடு மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டாளாம். ஆனால் அடைப்பைச் சுற்றிக்கொண்டு நூல் நூலாய்ச் சில குழாய்கள் முளைத்திருப்பது மட்டும் சத்தியம். யார் உத்தரவில் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "நடக்கிறதை விடாதீங்க அங்கிள், ஆப்பரேஷன் இப்ப வேணாம்" என்றார். பன்னிரண்டாம் தேதி முன்வரிசையில் எனக்கொரு நாற்காலி போடு.