மலைப் பயணத்தில் உணவுச் செலவு: இல்லை

சிக்கனத்தில் வல்லவர் எனப் பெயரெடுத்த ஒருவரிடம் எப்பொறுப்பையும் ஒப்படைக்கலாம். வெளிநாட்டு மலையேற்றப் பயணத்தின் வரவு செலவுத் திட்டத்தை மட்டும் ஒப்படைத்தல் ஆகாது. அவ்வாறு பெயரெடுத்தவன் நானே ஆதலின், இக்கூற்றுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையொன்றின் பண்டகசாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் ஒரு திருகாணிகூட என் கையொப்பமின்றி வெளியேறியதில்லை (கையொப்பம் இருந்தும் வெளியேறாதவை பல என்பர் உடன் பணியாற்றியோர்). பொருள் வாங்குவதில் நான் அறிந்த நெறி ஒன்றே: பலரிடம் விலை கோருவது, குறைந்த விலை சொன்னவரிடம் வாங்குவது. அந்நெறிப்படியே சேக்காட்டில் வீடும் கட்டினேன். மழைக்காலத்தில் அது ஒழுகும். எனினும் நெறி பிழையன்று என்பதே என் நிலைப்பாடு.

நேபாளம் செல்ல விரும்பியவள் என் மனைவி பிலோமினா. பனிமலைகளின் மீது கதிரவன் ஒளி விழுவதைக் காண வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. ஒவ்வோராண்டும் அதற்கொரு தடை வரும். பெரும்பாலும் அத்தடை நானாகவே இருப்பேன். இம்முறையோ, மருத்துவர் அவளது முழங்கால்களைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு அறுவை சிகிச்சை என்றும், அதன்பின் மலைப் பேச்சே கூடாதென்றும் கூறிவிட்டார்.

"இந்த வருஷம் போனாதாங்க உண்டு. இல்லன்னா காலண்டர்ல பாத்துக்க வேண்டியதுதான்," என்றாள் பிலோமினா.

காலண்டரில் பார்ப்பதற்குச் செலவில்லையே என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. வாய் திறக்கவில்லை. (நீண்ட இல்லறம் மனிதனுக்கு இவ்வளவேனும் கற்பித்துவிடுகிறது.)

பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவளது தம்பி அந்தோணி துணைக்கு வர இசைந்தான். நான் திட்டம் வகுக்க அமர்ந்தேன். மலைப்பாதையிலுள்ள விடுதிகளைத் தொலைபேசியில் அழைத்து, தொழிற்சாலையில் பழகிய இந்தியில் விலை கோரினேன். விடுதி நடத்தும் அம்மையார் ஒருவர் சொன்ன அறை வாடகை, நம் ஊர் இரயில் நிலையத்தில் ஸ்கூட்டர் நிறுத்தும் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்கது. வாடகையைச் சொன்ன பின்னரும் அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். குறைந்த விலை கிடைத்த பின்னர் பேச்சை வளர்ப்பது அயல்நாட்டு அழைப்புக் கட்டணத்தை வளர்ப்பதாகும். ஆகவே இணைப்பைத் துண்டித்தேன்.

அடுத்தது உணவு. மலைமீது ஒரு தட்டுச் சோற்றின் விலையை இணையத்தில் கண்டேன். 'உணவுச் செலவு: இல்லை' என எழுதினேன். அவசரச் செலவு என்ற இனத்தையும் அடித்துவிட்டேன்; அவசரம் என்பது திட்டமிடத் தெரியாதவர்களுக்கு நேர்வது என அக்காலத்தில் கருதியிருந்தேன். பின்னர் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பொரித்த கருவாடு, இவற்றோடு ஒரு மின்சாரக் குக்கர் எனச் சரக்கு சேர்ந்தது.

"இன்னா மாமா, மலை ஏறப் போறமா, மளிகைக் கடை வைக்கப் போறமா?" என்றான் அந்தோணி.

"சிரிக்காதடா. மேல போனப்புறம் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவே."

"எந்தக் கைல கும்புடறது? ரெண்டு கைலயும் மூட்டையத் தூக்கிகினு கீறேனே!"

கோரக்பூர் வரை இரயில், எல்லை தாண்டிப் பேருந்து, பிறகு ஜீப். மலைப்பாதை தொடங்குமிடத்தில்தான் தெரிந்தது, அது பாதையன்று, வானம் நோக்கிய கற்படிக்கட்டு என்று. முதல் வளைவிலேயே அந்தோணி அரிசி மூட்டைமீது அமர்ந்து, "எனக்கு இங்கயே கல்லறை கட்டிடு மாமா," என்றான். சுமைகூலி என்ற இனம் என் திட்டத்தில் இல்லை. இருப்பினும் சுமப்பவர் ஒருவரை அமர்த்தினோம். மூவரும் மலையில் உண்டு கழிக்க ஆகியிருக்கக்கூடிய தொகை, உண்ணும் பொருளைத் தூக்குவதற்கே செலவாயிற்று.

மாலையில் விடுதியை அடைந்தோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அம்மையார் வினவினார். பசியில்லை எனக் கம்பீரமாக மொழிந்து, அறைக்குள் சென்று கதவடைத்து, குக்கரில் அரிசியிட்டு மின்னிணைப்பு கொடுத்தேன்.

விடுதி முழுவதும் இருண்டது.

கீழே உணவுக்கூடத்தில் பல நாட்டினர் பல மொழிகளில் ஒரே கருத்தை வெளியிட்டனர். ஓடைநீரில் சுழலும் சிறு பொறியொன்று தந்த மின்சாரம் அது. விளக்குகளுக்கும் கைபேசிகளுக்கும் மட்டுமே போதுமானது. அம்மையார் கைவிளக்கோடு வந்து கதவைத் திறந்தார். ஒளி முதலில் குக்கர் மீதும், அடுத்துக் கருவாட்டு டப்பா மீதும், இறுதியில் என் மீதும் விழுந்தது. மூன்றனுள் அவர் மூக்கைப் பொத்தியது என்னைப் பார்த்தபோதுதான் என அந்தோணி இன்றும் சாதிக்கிறான்.

"பசியில்லன்னு சொன்னீங்களே?" என்று அவர் இந்தியில் கேட்டார்.

"வாடகைக்குத்தானே பேச்சு," என்றேன்.

"இங்க தங்குறவங்க இங்கதான் சாப்பிடணும். அதனாலதான் அறைக்கு அந்த விலை. இந்த மலை முழுக்க அதுதான் வழக்கம். போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன், நீங்க வெச்சிட்டீங்க!"

இங்கே உண்ணாதவர்க்கு வாடகை எவ்வளவு என்பதையும் சொன்னார். நான் கட்டிலில் அமர்ந்தேன். சுமைகூலியும் இதுவும் சேர்ந்தால் கையிலிருப்பது ஊர் திரும்பவே சரியாக இருக்கும். அம்மலையில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. கைபேசிவழிப் பணம் அனுப்பவும் இயலவில்லை. கதிரவன் எழுவதைக் காணும் குன்றுக்கோ இன்னும் ஒருநாள் ஏற்றமும் ஓரிரவுத் தங்கலும் மீதமிருந்தன.

பிலோமினா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சரி, உடுங்க. காலைல கீழ எறங்கிடலாம்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தைலப் புட்டியை அவள் மூடிய நிதானத்தைத்தான் தாங்க இயலவில்லை.

விடிந்ததும் வழி சொன்னவன் அந்தோணி. "மாமா, இந்த ஊருக்கு அரிசியே கோவேறு கழுதை மேலதான் வருதாம். நம்ம மூட்டைய அந்தம்மாகிட்டயே தள்ளிட்டா இன்னா?"

வாழ்நாளெல்லாம் பிறரிடம் விலை கோரியவன், அன்று விற்பவனாய் நின்றேன். அம்மையார் அரிசியை உள்ளங்கையில் ஏந்தி ஊதிப் பார்த்தார். பருப்பை முகர்ந்தார். புளிக்காய்ச்சலைச் சுவைத்துக் கண்ணை மூடி, மறுபேச்சின்றி ஏற்றார். கருவாடு ஊர் எல்லைக்கு வெளியே சென்றாக வேண்டும் என்றார். என்னைவிடக் குறைந்த விலை சொல்ல அங்கே எவருமில்லை. ஆயினும் அவர் அதையும் குறைத்தார். பண்டகசாலைப் பணிக்கு என்னினும் தக்கவர்.

வாடகை கழித்து மிஞ்சியதை எண்ணிய அந்தோணி, "மேல போய்வர ரெண்டு பேருக்குத்தான் ஆவுது அக்கா," என்றான்.

பிலோமினா என்னை மேலும் கீழும் நோக்கினாள். தேவைதானா என ஐயமுள்ள செலவினங்களை நான் அவ்வாறுதான் நோக்குவது வழக்கம்.

"ஏங்க, நீங்க இங்கயே இருங்க."

"நானா? திட்டம் போட்டவனே நான்தானே!"

"அதனாலதான்."

பூண்டு உரித்து, உருளைக்கிழங்கு சீவித் தந்தால் எனக்குச் சோறும் இடமும் தருவதாக அம்மையார் இசைந்தார். தடியூன்றிப் படியேறிய என் மனைவி ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னல் வழியே எனக்குத் தெரிந்தது மேகம் மட்டுமே. உணவுக்கூடத்தில் அயல்நாட்டினர் என் அரிசியை மலைவிலை கொடுத்து உண்டனர். அவ்விலையைக் கணக்கிட்டதில் கத்தி விரலில் பட்டது.

மறுநாள் மாலையில் அவள் இறங்கி வந்தாள். தடியைச் சுவரில் சாய்த்தாள். என்னருகே அமர்ந்து, கூடையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"மொதல்ல நீலமா இருந்துதுங்க," என்றாள் பிறகு. "அப்புறம் ஒவ்வொரு உச்சியா யாரோ விளக்கு ஏத்திக்கினே போற மாதிரி... மாதாவே, நீங்க பாக்காமப் போயிட்டீங்களே."

பழி சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. அதனால்தான் மறக்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. பனிமலையின் முன்னே அக்காளும் தம்பியும் பல்தெரிய நிற்கும் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டப்பட்டுள்ளது. வரும் விருந்தினர் ஒவ்வொருவரும், "சார் எங்க காணோம்? அவர்தான் போட்டோ எடுத்தாரா?" எனத் தவறாமல் கேட்பர். பிலோமினா காப்பியை அவர்கள் கையில் கொடுத்தபடி, என் பக்கம் திரும்பாமலே விடை சொல்வாள்:

"அவரா? பட்ஜெட் பத்தல, அடிச்சிட்டோம்."