ஒத்தையாளாய்க் கட்டிய கப்பல்

'எல்லாம் நானே செய்தேன்' என்று சொல்லுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. மற்ற ஊர்களில் அங்கொருவர் இங்கொருவராகத் தட்டுப்படும் இந்த இனம், திருப்பூரில் மட்டும் தெருவுக்கு நாலு பேர் வீதம் செழித்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்ததையும், ஒருத்தர் கைதூக்கி விடாததையும், இன்று இருநூறு மெஷின் ஓடுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மணி சொல்லுவார். அதற்குள் அது வேறு மணியாகியிருக்கும்.

கம்பெனி வைத்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் எதையாவது ஒத்தையாளாய்ச் செய்துதானே ஆகவேண்டும்?

பெருமாநல்லூர் வேல்குமார் கப்பல் கட்டினார்.

நிஜக் கப்பல் இல்லை. மூன்று பாய்மரம் வைத்து, இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில், மரச்சீவலும் குச்சியும் நூலுமாகப் பெட்டியில் வந்து இறங்குமே, அந்த மாதிரிக் கப்பல். திருப்பூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். வேல்குமார் தம் ஐம்பது வயதுக்குள் கடலில் கால் நனைத்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை ஒரு செருப்பு போய்விட்டது. ஆனால் கடலுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய கப்பலுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாப்பாட்டு மேஜை. அது கிடைத்தது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

அவர் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பொறுப்பாளர். தோள் தையல் ஒரு நூல் விலகினாலும் துணியைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுகிற கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கப்பலுக்கும் உட்கார்ந்தார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது; போனில் காட்டித் தமிழாக்கினார். 'இறந்த கண்களை மூன்று துளைகள் வழியாக இறுக்கிக் கட்டவும்' என்று வந்தது. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான், பெட்டிக்குள் கிடந்த சட்டைப் பொத்தான் போன்ற மரவில்லைகளுக்கு அப்படி ஒரு பெயர் என்று தெரிந்தது. பாய்க்குத் துணி வேண்டியிருந்தது. ஊரே துணியில் மிதக்கிறது, ஆனால் அத்தனையும் பின்னல் துணி. பாயாகக் கட்டினால் இழுத்த பக்கம் நீண்டு, தொப்பை விழுந்து தொங்கும். கடைசியில் சோமனூர்த் தறியில் நெய்த மெல்லிய காடாத் துணியைத் தேடிப் பிடித்து, டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றினார். இதை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். அரைமணி நேரம் ஆகும்.

கேட்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் தப்பித்ததும் இல்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே ஃபேன் நின்றுவிடும், ஏனென்றால் நூல்கள் ஆடக்கூடாது. அதன் பிறகு வெக்கையில் நனைந்துகொண்டே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு, பீரங்கி ஓட்டையிலிருந்து ஆரம்பித்து நங்கூரம் வரைக்கும் பார்க்கவேண்டும். பாதியில் யாராவது, "பெட்டியில வர்ற கிட்டுங்களா? எல்லாம் ரெடியா வெட்டித்தானே வருமுங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. நூலைக் கொடுத்தால் அது தானாகப் பனியன் ஆகிவிடுமா என்று ஆரம்பிப்பார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: "இதுல ஒரு முடிச்சுலகூட வேறொருத்தர் கை பட்டதில்லீங்க."

மனைவி கவிப்பிரியா, உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள். கொக்கி ஊசியால் துணிக்கு அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்து மயிலும் மாங்காயும் போடுகிற வேலை. அவளுக்குக் கப்பலெல்லாம் புரியாது, ஆனால் தொந்தரவு பண்ணமாட்டாள் என்று விருந்தாளிகளிடம் வேல்குமார் பெருமையாகச் சொல்லுவார். ஒரே ஒரு முறை, வார்னிஷ் காயாத கப்பல் தளத்தில் அவள் கட்டைவிரல் பட்டுவிட்டது. நாலு நாள் அவர் அவளோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்படி இருக்கையில் தௌபிக் வந்தான்.

சரக்கு வாங்கும் அமெரிக்க பையருக்காக அதைச் சோதித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் அவன். வயது முப்பதுதான், ஆனால் அவன் கம்பெனிக்குள் நுழைந்தால் முதலாளியே எழுந்து நிற்பார். ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, தானும் மாதிரிக் கப்பல் கட்டுவதாகவும், அடுத்த மாதம் கோயம்புத்தூரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னான். வேல்குமார் தம் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். ஆறு வருஷத்தில் முதன்முதலாக, விவரம் தெரிந்த ஓர் ஆள்! அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

தௌபிக் வந்தான். ஃபேன் நின்றது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான்.

அவன் பேசவேயில்லை. முதல் பாய்மரம். குனிந்தான், நிமிர்ந்தான். நடுப் பாய்மரம். மறுபடியும் குனிந்தான், நிமிர்ந்தான். செக்கிங் மேஜையில் இன்ஸ்பெக்டர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று வேல்குமாருக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷமாக அவரும் அதே மௌனத்தால்தானே டெய்லர்களை மிரட்டிக்கொண்டிருக்கிறார்? இப்போது முதல் தடவையாக அந்த மௌனத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

மூன்றாவது பாய்மரத்துக்கு வந்ததும் தௌபிக் கண்ணாடியை இறக்கவேயில்லை.

"அண்ணா, இந்தக் கடைசி மரத்துக் கயித்தேணி இருக்குதுங்களே, இந்த மாதிரி முடிச்சு நான் கோயமுத்தூருல யாரு கப்பல்லயும் பார்த்ததில்லீங்க" என்றான்.

மாலுமிகள் ஏறுவதற்காக மரத்தின் இருபுறமும் கட்டுகிற நூல் ஏணி அது. நூற்றுக்கணக்கான முடிச்சு, ஒவ்வொன்றும் கடுகில் பாதி. புதியவர்கள் முடிச்சை இறுக்கி இறுக்கி, நேராக நிற்கவேண்டிய கயிறுகளை உள்பக்கம் இழுத்துவிடுவார்களாம். ஏணிக்கு இடுப்பு விழுந்துவிடுமாம். முதல் இரண்டு மரத்திலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது என்பதைத் தௌபிக் வெகு பணிவாகச் சொன்னான். கடைசி மரத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது என்றான்.

வேல்குமாருக்கு இடுப்பு விழுந்த சேதி காதில் ஏறவில்லை. கடைசி மரம் மட்டும் ஏறியது. அதைக் கட்டும்போது கை பழகிவிட்டது என்று விளக்கினார். மூச்சை அடக்கி, இரண்டு நாடித்துடிப்புக்கு நடுவே முடிச்சை இழுக்கவேண்டும் என்றார். அந்த நுணுக்கத்தை யாரும் சொல்லித்தரவில்லை, தாமாகவே கண்டுபிடித்தது என்றார். சொல்லச்சொல்ல அவருக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

தௌபிக் மகிழ்ந்துபோய்ப் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டான். கண்காட்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட, ஒரு வரிசை மட்டும் கட்டிக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

அதற்கென்ன? இடுக்கியை எடுத்தார். மேஜையில் இருந்த சின்னச் சட்டத்தில் நூலை இழுத்துக் கட்டி, முதல் முடிச்சைப் போட்டார். கயிறு உள்ளே வந்தது. அவிழ்த்துப் போட்டார். இன்னும் உள்ளே வந்தது. வெளிச்சம் போதவில்லை என்றார், விளக்கைப் போட்டார்கள். மூக்குக்கண்ணாடி மாற்றினார். இது வேறு நூல் என்றார். மூன்றாம் முடிச்சில் இடுப்பு நன்றாகவே விழுந்துவிட்டது. போன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கவிப்பிரியா டீ கொண்டுவந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கையில் குத்தியிருந்த ஆரி ஊசியை எடுத்து, நூலை ஒரு சுற்று, கொக்கியால் அடியிலிருந்து ஓர் இழுப்பு, விட்டாள். மூன்று கயிறு, மூன்று முடிச்சு. டீயில் ஆடை கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. கயிறு அசையவில்லை.

வேல்குமார் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த மூன்று முடிச்சையும் சோதித்தார். வெகு நேரம் சோதித்தார். குறை கண்டுபிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சோதித்தார். ரிஜெக்ட் பண்ண ஒன்றுமில்லை.

"இது எங்க பழகுன?" என்றார்.

"போன வருசம் ஆடிக் காத்துலீங்க. ஜன்னல் திறந்து, ஸ்கிரீன் துணி அடிச்சு, கடைசி மரம் விழுந்து போச்சு. ஏணியெல்லாம் அந்து போச்சுங்க. உங்களுக்கு அப்ப ஷிப்மென்ட் வாரம். வந்ததும் படுத்துருவீங்க. மேல துணியப் போட்டு மூடிட்டு, நீங்க வேலைக்குப் போனதும் உட்கார்ந்து கட்டினேன். ஆறு நாளாச்சு."

அந்த ஷிப்மென்ட் வாரம் முடிந்த ஞாயிறு துணியை விலக்கிப் பார்த்து, 'அட, நம் கை எப்படிப் பழகிவிட்டது' என்று தாம் வியந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நூல் விலகலைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிற கண்! மெதுவாக, வேறு எதையாவது தொட்டாளா என்று கேட்டார். கப்பலின் பின்பக்க விளக்கைப் பல்லி தள்ளிவிட்டது, ஒட்டினாள். சிறு படகின் துடுப்பு ஒன்று காணாமல் போனது, விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சீவி வைத்தாள். அந்தத் துடுப்பை சீமை வால்நட் மரம் என்று அவர் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார்!

"சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நாலு நாளைக்குச் சுவத்தோட பேசுவீங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி நனையும் என்கிற மாதிரிச் சொன்னாள்.

முடிச்சு விஷயத்தை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். இது வேறு இடத்தில் போய்த் தைத்தது. தம் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ஆறு நாள் வாசலைப் பார்த்துப் பார்த்து நூல் கட்டியிருக்கிறாள். அவளுக்கு அவர் அமெரிக்க பையரின் இன்ஸ்பெக்ஷனைவிடக் கடுமையான இன்ஸ்பெக்ஷனாக இருந்திருக்கிறார். டீயைக் குடித்தார்.

"ஏனுங்ணா, ஃபேன் போட்டுக்கலாமுங்களா?" என்றான் தௌபிக்.

வேல்குமார் எழுந்துபோய்த் தாமே போட்டார். நூல்கள் ஆடின. ஒன்றும் அறுந்து விழவில்லை.

கண்காட்சிக்கான படிவத்தைத் தௌபிக் நீட்டினான். 'செய்தவர் பெயர்' என்று ஒரே ஒரு கோடு. வேல்குமார் தம் பெயரைப் பெரிதாக எழுதினார். பிறகு மிச்சமிருந்த இடத்தில், பொடி எழுத்தில், 'உதவி: கவிப்பிரியா' என்று நுழைத்தார். வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவரின் தாராளத்தோடு படிவத்தை அவளிடம் காட்டினார்.

அவள் பேனாவை வாங்கி ஒரே ஒரு சொல்லை அடித்தாள். உதவியை.

கோயம்புத்தூரில் கப்பலைச் சுற்றி நல்ல கூட்டம். பரிசு வேறொருவருக்குப் போனது. ஆனால் கடைசி மரத்து ஏணியைப் போன்களில் படமெடுக்க வரிசை நின்றது. ஒரு பெரியவர், இது யார் கட்டியது என்று கேட்டார். வேல்குமார் வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்தி, "நான்..." என்று ஆரம்பித்து, பக்கத்தில் பட்டுச்சேலையில் நிற்பவளை ஓரக்கண்ணால் பார்த்து, கஷாயம் விழுங்குகிறவர்போல் ஒரு விழுங்கு விழுங்கி, "நாங்கதானுங்க" என்று முடித்தார். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் இரண்டாம் தடவை சொல்லும்போது அவ்வளவு கசக்கவில்லை.

சரி, இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்த உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கப்பல் கட்டவில்லை, தெரியும். ஆனால் நீங்களே நின்று எழுப்பிய வீடு, நீங்களே படிக்கவைத்த பிள்ளைகள், ஒருத்தர் தயவும் இல்லாமல் வாங்கிய பதவி உயர்வு என்று ஏதோ ஒன்று இருக்குமே? இன்று சாயங்காலம் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, அதைத் தனியாளாகத்தானே செய்தேன் என்று கேட்டுப் பாருங்கள். 'ஆமாங்க' என்று உடனே பதில் வந்தால், ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

கவிப்பிரியாவும் ஒரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.