வெறும் டப்பா திரும்பக் கூடாது

"...மறந்துபோய்க் குடுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல சார். இது மறதி இல்ல. தேய்ச்சு, கழுவி, ஈரம் போகத் துடைச்சு, யோசிச்சுக் குடுத்த வெறும் டப்பா!"

தீபாவளியன்று காலை, மஞ்சள் தடவிய புது வேட்டியோடு என் வீட்டு வாசலில் நின்று, ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கோர்ட்டில் சாட்சிப் பொருளைக் காட்டுவது போலத் தூக்கிப் பிடித்தபடி இதைச் சொன்னவர் எங்கள் டப்பா சார். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் வீடு வீடாகப் போய்த் தேடினாலும் இவரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். அப்படிக் கிடைத்தால், தயவுசெய்து அந்தத் தெருவில் வீடு வாங்காதீர்கள்.

ஒரு வெறும் டப்பாவுக்கு ஒரு மனிதர் ஏன் இப்படிக் கொதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. காலையில் பெல் அடித்து, கதவைத் திறக்கும்போது டப்பா நின்றால், அன்று பண்டிகை. என்ன பண்டிகை என்பது மூடியைத் திறந்தால் தெரியும். பானகம் என்றால் ராமநவமி, பொரி உருண்டை என்றால் கார்த்திகை. இரண்டாம் மாடியில், எங்கள் எதிர் வீட்டில், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தனியாக இருக்கும் இந்த மனிதர் வருஷத்தில் ஒரு விசேஷத்தையும் விட மாட்டார். விசேஷம் என்றால் சமைப்பார். சமைத்தால் எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கூரியர்காரரே கீழே நின்று, "டப்பா சார் வூடு எதுங்க?" என்றுதான் கேட்கிறார்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்கள். முதல் சிக்கல், அவர் சமையல். கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் காலமெல்லாம் பாய்லர் பார்த்தவர். எதையும் பதம் பார்த்து இறக்குகிற வழக்கம் கிடையாது; பிரஷர் பார்த்துத்தான் இறக்குவார். ஒரு பிள்ளையார் சதுர்த்திக்கு வந்த கொழுக்கட்டையில் ஒன்றை என் மனைவி மாலா, காற்றில் அடித்துக்கொள்ளும் பால்கனிக் கதவுக்கு முட்டாக வைத்தாள். நவராத்திரி வரைக்கும் கதவு அசையவில்லை.

இரண்டாவது சிக்கல், அவர் விதி. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். டப்பா சாரிடம் அது செல்லாது. "சர்க்கரை போட்டீங்கன்னா டப்பாதாம்மா திரும்பி வருது. சமைச்சுப் போட்டாத்தான் பண்டிகை திரும்பி வருது" என்று மாலாவிடம் ஒருநாள் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபின் எப்படிச் சர்க்கரை போடுவது? ஆகவே, அதுவரை பண்டிகைக்கு டிவி மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் எல்லாம் வாணலி ஏறியது. வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் டப்பா வராது. அன்று பட்டினி அல்லவா. அதனால் எங்கள் கட்டடத்தில் பெருமாள் பக்தி மிகவும் அதிகம்.

ஆடிப்பெருக்கு அவருக்கு உயிர். புது வெள்ளத்தை வரவேற்க வேண்டும், ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆறு இல்லை. அவர் அதற்காகக் கலங்கவில்லை. மேடவாக்கத்திலிருந்து தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து, தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றார். லாரி நின்றதும் டேங்க்கின் பின்பக்கம் போய், குழாய்க்குப் பொட்டு வைத்தார்.

டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "இன்னா சார், வண்டிக்குப் பொட்டு வெச்சிகினு கீற? ஆயுத பூஜை அதுக்குள்ள வந்துடுச்சா?"

"ஆடிப்பெருக்குப்பா. காவேரித் தாய் வந்திருக்கா."

"காவேரி எல்லாம் இல்ல சார், போர் தண்ணி. சீக்கிரம் உடு, இன்னும் மூணு லோடு கீது."

"எந்தத் தண்ணியா இருந்தா என்னப்பா, நம்மளத் தேடி வந்திருக்கு இல்ல?" என்று சொல்லி, டிரைவர் கையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தார். டிரைவர் அடுத்த லோடுக்கு வந்தபோது டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே நான்கு வாழைப்பழம். அந்த மனிதருக்கு யாரும் விதியைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை டப்பா சார் இன்றைக்கும் உதாரணம் காட்டுவார். லாரிக்காரருக்கு மட்டும் வாழைப்பழத்தைச் சமையலாக ஏற்றுக்கொண்டார்.

காரடையான் நோன்பு, புருஷன் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று பெண்கள் இருப்பது. அதற்கும் டப்பா வந்தது. மாலா கேட்டே விட்டாள்: "சார், இது நாங்க எங்க வீட்டுக்காரருக்காகப் பண்றது. நீங்க யாருக்காக?"

"நோன்பு நீங்க இருங்கம்மா. அடையை மட்டும் நான் பாத்துக்கறேன்."

அந்த வருஷம் அது ரம்ஜான் மாதத்தில் வந்தது. தரைத்தளத்தில் இருக்கும் பாய், கேம்ப் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "நோன்பு அடைன்னு சொல்றீங்க. அப்ப நோன்பு திறக்கறதுக்குச் சாப்பிடலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் டப்பா நிறைய நோன்புக் கஞ்சி திரும்பி வந்தது. "எப்படி பாய் இருந்துச்சு அடை?" என்று மறுநாள் நான் கேட்டேன். பாய் தாடையைத் தடவிக்கொண்டார். "பொறுமையைக் கத்துக்கிற மாசம் சார் இது" என்றார்.

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் குட்டிப் பாதம் போடுவோம் இல்லையா? டப்பா சார் தனியாளாகக் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போட்டார். முடித்து நிமிர்ந்தபோது எல்லாப் பாதமும் வீட்டிலிருந்து லிஃப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன சார், கண்ணன் வெளியே போற மாதிரி இருக்கே?" என்றாள் மாலா.

அவர் குனிந்து பார்த்தார். "சீடையைச் சாப்பிட்டுப் பாத்திருப்பாரு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஆக, தன் சமையல் எப்படிப்பட்டது என்பது அவருக்கும் தெரியும். பிறகு எதற்கு இந்தப் பாடு? ஒரு கார்த்திகைச் சாயங்காலம், பால்கனியில் அகல் விளக்கு காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"பாய்லரை அணைக்க முடியாது சார். பொங்கலோ தீபாவளியோ, அது எரிஞ்சுகிட்டே இருக்கணும், ஒரு ஆள் பிரஷர் முள்ளைப் பாத்துகிட்டே இருக்கணும். குடும்பஸ்தன் எல்லாம் லீவு கேப்பான். 'உனக்கென்னப்பா, தனிக்கட்டை, நீ பாத்துக்கோ'ன்னு போயிடுவான். ஒரு பண்டிகைக்கும் நான் வீட்ல இருந்ததில்ல. ஆனா மறுநாள் அத்தனை பேரும் எனக்கு டப்பா கொண்டாருவானுங்க சார். அதிரசம், சுண்டல், எள்ளுருண்டைன்னு ஒருத்தன் பாக்கி இல்லாம."

"நல்ல மனுஷங்கதான்."

"நல்ல மனுஷங்கதான். நான் என்ன திருப்பிக் குடுத்தேன்? வெறும் டப்பா. அப்ப தங்கியிருந்த ரூம்ல அடுப்பு கிடையாது. நல்லாக் கழுவி மட்டும் குடுப்பேன்." அணைந்த அகலை மறுபடி ஏற்றினார். "அது ஒரு மாதிரி இருக்கும் சார், கையில."

 

இந்த வருஷம் மூன்றாம் மாடிக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் குடி வந்தார்கள். நவராத்திரியில் அவர்களுக்கும் சுண்டல் போனது. சரஸ்வதி பூஜையன்று டப்பா திரும்பி வந்தது. டப்பா சார் கையில் வாங்கியதுமே எடையைக் கண்டுகொண்டார். மூடியைத் திறந்தார். உள்ளே அவர் முகம் பளபளவென்று தெரிந்தது.

லிஃப்ட் வாசலில் நின்று அறிவித்தார்: "இத்தோட சரி. இனிமே இந்த பில்டிங்ல யாருக்கும் டப்பா கிடையாது."

எங்களுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டோம். பல் டாக்டரிடம் போக வேண்டியதில்லை. வாணலி ஏற்ற வேண்டியதில்லை. விடுதலை.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், பட்டாசு வெடித்தோம். மாலா மட்டும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தேங்காய் பர்பி தட்டு நிறைய இருந்தது.

"இவ்வளவு எதுக்கு?"

"கைப்பழக்கம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெல்லு வேலை செய்யுதா பாருங்க" என்றாள்.

பாய் மாடியேறி வந்தார். "என்ன சார், இன்னும் டப்பா வரலையே? அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் பல்லைத் தயாரா வெச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தபடியே இறங்கிப் போனார். பண்டிகை வந்துவிட்டதை யாரும் எங்களிடம் முறைப்படி சொல்லாதது போல இருந்தது.

பெல் அடித்தது அப்போதுதான். ஓடிப்போய்த் திறந்தால், வெறும் டப்பாவோடு அவர். முதலில் சொன்னேனே, அந்தப் பேச்சு. முடித்துவிட்டு, "நேரா கேட்டுடப் போறேன். சாட்சிக்கு நீங்க வாங்க" என்றார்.

மூன்றாம் மாடியில் ஒரு பையன்தான் இருந்தான். கழுத்தில் ஹெட்போன். "ஹேப்பி தீபாவளி அங்கிள்!" என்று கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு மெத்தை, ஒரு மேஜை, அதன் மேல் பெரிய திரை. சமையலறையில் ஒரு தண்ணீர் கேன் தனியாக நின்றது.

டப்பா சார் டப்பாவை நீட்டினார். "தம்பி, இது என்ன?"

பையன் முகம் சுருங்கியது. "தெரியும் அங்கிள். வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. ஆனா எங்ககிட்ட அடுப்பே இல்ல. சர்க்கரைகூட இல்ல. அதான், நல்லாக் கழுவியாவது குடுக்கலாம்னு..."

டப்பா சார் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"ஊருக்குப் போகலையா?"

"ரூம்மேட் போயிட்டான். எங்க டீம்ல கல்யாணம் ஆனவங்க எல்லாம் லீவு. 'மச்சான், நீ சிங்கிள்தானே, பாத்துக்கோ'ன்னுட்டாங்க. சர்வரை நிறுத்த முடியாதுல்ல அங்கிள். யாராவது பாத்துகிட்டே இருக்கணும்."

"காலைல சாப்பிட்டியா?"

"ஆர்டர் போட்டிருக்கேன். கொண்டுவர ஆள் கிடைக்கலைன்னு காட்டுது."

டப்பா சார் திரும்பிப் படியிறங்கினார். பையன் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவர் திரும்பி வந்தபோது அதே டப்பா, மூடி மூட முடியாமல் நிறைந்திருந்தது. அதிரசம், முறுக்கு, ஓரமாக ஒரு உருண்டை தீபாவளி லேகியம்.

"நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே சார்?" என்றேன்.

"குடுக்கறதைத்தான் நிறுத்தினேன். செய்யறதை யாரு நிறுத்தினா? எல்லா டப்பாவும் ரொப்பி அடுக்கி வெச்சிருக்கேன். நீங்க போய் பாய் வீட்லேர்ந்து ஆரம்பிங்க."

பையன் டப்பாவைத் தொடவில்லை. கண் திரையிலேயே இருந்தது. "அப்புறம் சாப்பிடறேன் அங்கிள். இதை விட்டு நகர முடியாது."

"என்ன பாக்கணும் அதுல?"

"எல்லாம் பச்சையா இருந்தா பிரச்சினை இல்ல. எது சிவப்பா மாறினாலும் உடனே பாக்கணும்."

டப்பா சார் வேட்டியை மடித்துக் கட்டினார். பையனைக் கையைப் பிடித்து எழுப்பி மெத்தையில் உட்கார வைத்து, மடியில் டப்பாவை வைத்தார். பிறகு நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"சிவப்பு வந்தா கூப்பிடறேன். நீ சாப்பிடு."

பையன் அதிரசத்தைக் கடித்தான். சத்தம் எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது. இரண்டாவது முறை கடித்தான். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அங்கிள், நல்லா இருக்கு அங்கிள்" என்றான். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லாத வார்த்தை.

"பேசாம சாப்பிடு. டூட்டில இருக்கிற ஆளுகிட்டப் பேச்சுக் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, டப்பா சார் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.