இறந்ததற்கு ஆதாரம் இல்லாத சூசைப்பிள்ளை

அரசாங்கம் மக்களின் நலன் கருதி எடுக்கும் தீர்மானங்களுக்குக் காரணம் கேட்பது எங்கள் வழக்கம் அல்ல. ஆகவே எங்கள் கந்தோரின் பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைக்கு வெள்ளையடித்து, 'பூர்வீக உறவுமுறை உறுதிப்படுத்தல் அலகு' என்று பலகை மாட்டியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடுப்பிட்டியைச் சேர்ந்த இராசநாயகம் ஐயா அதற்கு அலுவலர். அதுவரை வேறோர் அலகில் கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த நான் உதவியாளர். நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிப்பேன். அடிப்பதை வாசிப்பதில்லை, வாசித்தால் வேகம் குறையும்.

உண்மையில் காரணம் ஒன்று இருந்தது. ஓகஸ்ட் மாதம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் சொக்லேற்றும் சென்ற் போத்தலும் கொண்டு வருவார்கள். இப்போது கையை வீசிக்கொண்டு வந்து, தங்கள் பூட்டன் யார் என்று எங்களிடம் கேட்கிறார்கள். பாரிஸிலிருந்து வந்த யசிந்தா, தன் துப்பலைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்குத் தபாலில் அனுப்பி, தான் நூற்றுக்கு நாலு வீதம் போர்த்துக்கீசர் என்று எழுத்தில் வாங்கியவர். அன்றிலிருந்து புட்டை முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிடுகிறார்.

இந்த யசிந்தா குருநகரில் தன் தகப்பன் சூசைப்பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவைத் தேடியபோது ஒன்றுக்கு இரண்டு கிடைத்தது. 1934இல் ஒரு சூசைப்பிள்ளை, 1936இல் ஒரு சூசைப்பிள்ளை. தாயும் தகப்பனும் அதே ஆட்கள். பிந்திப் பிறந்தவர் தகப்பன், ஆகவே தனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார் என்று யசிந்தா கண்ணீர் விட்டார். அத்தோடு விட்டிருந்தால் நல்லது. அவருடைய அண்ணையின் மகன் லெனாட்டுக்கு மூன்று கிழமையில் கலியாணம். பெண் றொசாந்தி. றொசாந்தியின் அப்பப்பாவின் பெயரும் சூசைப்பிள்ளை.

பாதர், திருச்சபைக்கு இதில் ஒரு தடையும் இல்லை என்றார். லெனாட்டின் தாய் கேட்கவில்லை. அப்பப்பாமார் அண்ணன் தம்பி என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. கந்தோரிலிருந்து கடிதம் வராமல் கோயில் படி ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

இப்படியாக றொசாந்தி தன் தாய் மக்டலீனோடு எங்கள் அலகுக்கு வந்தாள். தாய் வாங்கிலில் அமர்ந்துகொண்டார். மடியில் ஒரு பிளாஸ்ரிக் உறை இருந்தது. கந்தோர் என்று எங்கு போனாலும் அதையும் கொண்டுதான் போவாராம்.

"சேர், அந்தக் காலத்திலை ஒரு பிள்ளை செத்தா அடுத்த பிள்ளைக்கு அதே பேரை வைக்கிறவை. முப்பத்துநாலிலை பிறந்தது குழந்தையிலையே செத்துப்போச்சு. குருநகர்க் கரையிலை எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும் எண்டது ஆதாரம் இல்லைப் பிள்ளை. அடக்கம் செய்த பதிவேடு எங்கை?"

"தொண்ணூத்தைஞ்சு இடப்பெயர்விலை துலைஞ்சுபோச்சு."

"அப்ப செத்ததுக்கு ஆதாரம் இல்லை. பதிவிலை ரெண்டு சூசைப்பிள்ளை, உங்கடை ரெண்டு குடும்பத்திலையும் ரெண்டு சூசைப்பிள்ளை. கணக்குச் சரி."

"எங்கடை அப்பப்பா மன்னார் ஆள், சேர்!"

"அதுக்குப் பதிவு?"

"அந்தக் கோயில் சண்டையிலை எரிஞ்சது."

"பாத்தியளே!" என்றார் இராசநாயகம் ஐயா, மிகுந்த மனநிறைவுடன்.

மறுநாள் றொசாந்தி, எண்பத்தெட்டு வயதுச் செபநாயகத்தாரை ஓட்டோவில் ஏற்றி வந்தாள். அவர் கரையில் எல்லாரையும் அறிந்தவர்.

"அந்தப் பிள்ளை மூண்டு மாசத்திலை காய்ச்சலிலை போயிட்டுது. என்ரை தாய் சொன்னவ."

"நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"நான் அப்ப பிறக்கேல்லைத் தம்பி."

"பிறக்காத ஆளின்ரை சாட்சியத்தை ஏற்க எனக்கு அதிகாரம் இல்லை."

எனினும் இராசநாயகம் ஐயா நீதியான மனிதர். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்கமாட்டார். ஆகவே சம்பந்தப்பட்ட மூத்த சூசைப்பிள்ளைக்கே, ஞானஸ்நானப் பதிவில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். 'தாங்கள் காலமாகிவிட்டதாக எமக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. அவ்வாறாயின், பதினான்கு நாட்களுக்குள் தேசிய அடையாள அட்டையுடன் நேரில் சமூகமளித்து அதனை உறுதிப்படுத்தவும்.' நான்தான் அடித்தேன்.

கடிதம் 'ஆள் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

"ஆள் இல்லை எண்டுதான் கிடக்கு. செத்திட்டார் எண்டு இல்லையே. வெளியிலை எங்கையும் போயிருப்பார்" என்றார் ஐயா. கோப்பில் இவ்வாறு பதியப்பட்டது: சூசைப்பிள்ளை (மூத்தவர்), வயது 91, உயிருடன் உள்ளார், முகவரி தெரியவில்லை. செய்தி கேட்ட யசிந்தா பெரியப்பாவுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் றொசாந்தி தாயோடு மறுபடி வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் தடுமாற்றம் இல்லை.

"மூத்த சூசைப்பிள்ளை உயிரோடை இருக்கிறார் எண்டு எழுதிப்போட்டியளோ, சேர்?"

"ஓம். கையெழுத்தும் வைச்சாச்சு."

"மாத்தமாட்டியளே?"

"கையெழுத்து வைச்சதை மாத்திற பழக்கம் எனக்கில்லை."

அவள் ஒரு தாளை மேசையில் வைத்தாள். "இது என்ரை அப்பப்பாவின்ரை மரணச் சான்றிதழ். தொண்ணூத்தெட்டிலை அரசாங்கம் தந்தது. உங்கடை ஆள் உயிரோடை, எங்கடை ஆள் செத்தவர். ரெண்டு பேரும் ஒராள் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

இராசநாயகம் ஐயா எங்கள் அலகின் விதிகள் அடங்கிய சுற்றுநிருபத்தை எடுத்து முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. "எழுதும்" என்றார் என்னிடம்.

நான் அடித்தேன். 'இறந்தமைக்கு ஆதாரம் எதுவும் இல்லாதபடியால், மேற்படி சூசைப்பிள்ளை உயிருடன் உள்ளார் என இவ்வலகு இத்தால் உறுதிப்படுத்துகிறது. ஆகவே லெனாட், றொசாந்தி ஆகிய இருவரும் உறவினர் அல்லர்.' முத்திரை குத்தினேன். வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்த லெனாட், றொசாந்தியின் முகத்தைக் கண்டதும் ஹோர்னை அழுத்தி ஊரைக் கூட்டினான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடச் சேவையில் ஒரு கோப்பு யாரையும் சிரிக்க வைத்ததை அன்றுதான் கண்டேன்.

றொசாந்தி வெளியே ஓடினாள். மக்டலீன் மட்டும் எழும்பவில்லை. கடிதத்தை ஒரு தரம் வாசித்தார். விரலை வைத்து இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு பிளாஸ்ரிக் உறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ரை மூத்தவன், ஐயா. றஜிந்தன். ரெண்டாயிரத்தெட்டிலை கடைக்குப் பாண் வாங்கப் போனவன், இன்னும் வரேல்லை. இவன் செத்ததுக்கும் ஒரு ஆதாரமும் இல்லை. உந்த வசனத்தை அவனுக்கும் எழுதித் தாருங்கோவன்."

படத்தோடு இன்னோர் அலகின் கடிதமும் இருந்தது. மூன்றாவது நினைவூட்டல். 'உயிருடன் உள்ளமைக்கு ஆதாரம் எதுவும் இல்லாதபடியால், தங்கள் மகன் இறந்துவிட்டதாகக் கருதி, மரணச் சான்றிதழைத் தாமதமின்றிப் பெற்றுக்கொள்ளவும்.'

இராசநாயகம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேறை சுற்றுநிருபம், அம்மா. அதின்படி ஆதாரம் இல்லாட்டிச் செத்த ஆள்."

"இதின்படி?"

"ஆதாரம் இல்லாட்டி உயிரோடை."

"மூண்டு மாசத்திலை போன பிள்ளைக்குத் தொண்ணூத்தொரு வயசு குடுத்தனீங்கள். என்ரை பிள்ளைக்கு முப்பத்தொன்பதுதானே, ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன். இரண்டு சுற்றுநிருபங்களும் அதற்குள்தான் இருந்தன, ஒரே தட்டில்.

மக்டலீன் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து உறைக்குள் வைத்தார். "ரெண்டு பேரும் கலியாணத்துக்கு வாங்கோ" என்றார். உண்மையாகவே அழைத்தார்.

நினைவூட்டல் கடிதம் மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுக்கும்போதுதான், அடியில் தட்டச்சுச் செய்தவரின் முதலெழுத்துகளைக் கண்டேன். போன வருடம் நான் அந்த அலகில் இருந்தேன். முதன்முறையாகக் கடிதத்தை முழுவதும் வாசித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் அடித்திருந்தேன்.