ஓடும் ஸ்கூட்டருக்குப் பகைவர்

மனிதர்களில் இன்ஜின் மாற்றி என்றோர் இனம் உண்டு. மெக்கானிக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெக்கானிக் ஓடாத வண்டியை ஓட வைப்பார். இவர் ஓடுகிற வண்டியை வாங்குவார்.

அலுவலகத்தில் இவர் முத்திரை குத்துவார், கோப்பு நகர்த்துவார், அது வயிற்றுக்கு. உண்மையான உத்தியோகம் நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியிருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எல்லாரும் தலை குனிந்திருக்க, தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனால் இவர் தலை மட்டும் நிமிரும். "பெல்ட் தேஞ்சிருக்கு" என்று முணுமுணுப்பார். எதிர்வரிசையில் இன்னொரு தலை நிமிரும். "இல்ல சார், கிளட்ச்." இனம் இனத்தைக் கண்டுகொள்வது இப்படித்தான்.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். வங்கி குமாஸ்தா. மனைவி நர்ஸ். இரண்டு பஸ் மாறிப் போய் அடிக்கடி தாமதமாகிவிட, தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு தடவை தாமதமானால் நிரந்தரமாக இரவுப் பணிதான். மனைவி வீட்டுக்கு வந்து, "ஒரு குட்டி ஸ்கூட்டர் வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

"நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். பழைய வண்டிதான், ஆனால் சமர்த்தாக ஓடியது. "இது போதுமே" என்றார் மனைவி. இவரோ வண்டியின் வயிற்றில் காதை வைத்தார்.

"ஓடுது. ஆனா மேட்டுல மூச்சு வாங்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில மேடே கிடையாதே?"

"இன்னிக்கு கிடையாது. நாளைக்குப் பாலம் கட்டினா?"

ஆகவே, இன்ஜினுக்காக மட்டும் இரண்டாவது ஸ்கூட்டர் வந்தது. அந்த இன்ஜின் இந்த உடம்பில் உட்காரவில்லை என்பதால், அதைத் தாங்கும் இரும்புப் பட்டைக்காக மூன்றாவது வந்தது. மூன்றாவதைத் திறந்து பார்த்தால், அதன் இன்ஜின் இன்னும் அழகு! குடும்பம் எப்படிப் பெருகுகிறது, பார்த்தீர்களா? சமையலறையில் டம்ளர்களுக்குப் பக்கத்தில் பிஸ்டன் காய்ந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் காலையில் குளியலறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தார்.

"மாமா, என் பல் பிரஷ்ஷைப் பாத்தீங்களா?"

"புதுசு வாங்கிக்கோ மச்சான். ஏன்னு கேக்காத."

மனைவி பஸ்ஸைத் துரத்திக்கொண்டுதான் இருந்தார். "எப்பங்க முடியும்?" என்றால், "ஒரே ஒரு வேலை பாக்கி" என்பார். இந்த இனத்தின் தாய்மொழியே அந்த ஒரு வாக்கியம்தான். எல்லாம் பூட்டி முடித்த பிறகும் ஒரு திருகு மிஞ்சும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கம்பெனிக்காரன் பயத்துல ஒண்ணு கூடுதலா போட்டிருக்கான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தேவிட்டது. இன்ஜின் பிடித்தது. புகை இல்லை, குலுக்கல் இல்லை. மனைவி தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதுவரை தெரு பார்த்ததில்லை.

"பிரமாதமா இருக்குங்க! நாளைக்கு இதுலதான் போகப்போறேன். தயவுசெஞ்சு இனிமே கை வைக்காதீங்க."

"சேச்சே! நானா?"

குமாஸ்தாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஓர் உதை உதைத்தார், வண்டி கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி உதைத்தார், மறுபடியும் கிளம்பியது. உலகத்தில் அவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அப்படி ஓர் அநாதையை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

மறுநாள் காலை மனைவி வெள்ளைச் சீருடையும் ஹெல்மெட்டுமாக வாசலுக்கு வந்தார். வண்டியின் வயிறு திறந்து கிடந்தது. இன்ஜின் செய்தித்தாளின் மேல் துண்டு துண்டாகப் பரவியிருந்தது. பக்கத்தில் கணவர், பரவசமாக.

"என்னங்க இது! நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"அதான் விஷயமே! இந்த இன்ஜின் இந்த வண்டியில இவ்வளவு நல்லா ஓடவே கூடாது. எப்படி ஓடுச்சுன்னு பாக்கத்தான் பிரிச்சேன். செத்த உக்காரு, ஒரே ஒரு வேலை..."

மனைவி உட்காரவில்லை. எதிரே கடை திறந்துகொண்டிருந்த தையல்காரப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் வண்டியில ஏறுங்க! கத்தும், குலுக்கும், ஆனா கொண்டுபோய்ச் சேத்துடும்!"

இருவரும் பறந்தார்கள். நம்மவர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கடைசிவரை ரசித்தார். "சைலன்சர்ல ஓட்டை" என்றார், மெய்மறந்து.

நல்லவேளை, நர்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த மாதமே தனக்கென்று புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். கணவர் அதைத் தொடுவதில்லை. துணியால் துடைப்பதோடு சரி. "ஓடுது" என்பார் போகிறவர் வருகிறவரிடம். "ஆனா..."

"தொட்டீங்கன்னா உங்களைப் பிரிச்சுப் பேப்பர்ல பரப்பிடுவேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பாவம் அந்த அம்மாள் என்கிறீர்கள். சரி. ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்: மூன்று வண்டிகளில் எந்த இன்ஜின் எந்த உடம்பில் ஏறியது என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லையே என ஒரு குறை உங்களுக்குள் இருக்கிறதா? இருந்தால், முதல் காரியமாக வண்டிச் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.